மலைக் காசித்தும்பை

மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் வீட்டுத் தோட்டங்களில் காசித்தும்பை பூத்திருப்பதை மாணவர் கண்டிருப்பர். அதன் முற்றிய காயை விரலால் தொட்டால், அது வெடித்துச் சுருண்டு விதைகளைத் தெறிக்கும். இச்செடியின் உறவினங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையில் நூற்றுக்கு மேல் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லை. வீட்டுச் செடியை நன்கு கற்றவர் மலைச் செடியையும் இனங்காண இயலும்.

அதற்குரிய அடையாளங்கள் மூன்று. முதலாவது, நீர் நிறைந்த தண்டு. ஒடித்தால் சாறு கசியும். இரண்டாவது, பூவின் அமைப்பு. புல்லி இதழ்களுள் ஒன்று படகுபோற் குழிந்து, பின்புறம் வால்போன்ற குழலாக நீளும். அக்குழலில் தேன் இருக்கும். சிலவற்றில் அது சிறு பையளவே. மூன்றாவது, முன்னர்க் கூறிய வெடிக்கும் காய். குழலின் நீளம், வளைவு, இதழ்களின் வடிவு ஆகியவற்றைக் கொண்டு ஓரினத்தைப் பிறிதோரினத்தினின்று பிரித்தறிவர்.

இவற்றுள் வியப்புக்குரியவை ஈரப் பாறைகளிலும் மரத்தண்டுகளிலும் வளரும் சிற்றினங்கள். இவற்றிற்கு நிலத்தின்மேல் தண்டே இல்லை. தென்மேற்குப் பருவமழை பெய்ததும் சிறு கிழங்கிலிருந்து இலைகளும் பூக்காம்பும் தோன்றும். மழை நீங்கியபின் செடி வாடி மறைய, கிழங்கு மட்டும் அடுத்த மழையை நோக்கி உறங்கும்.

இச்செடிகளைத் தாளிடை வைத்து உலர்த்தினால், சாறு நிறைந்த பூ நைந்து உருக்குலையும். ஜோசப் டால்டன் ஹூக்கர் என்னும் தாவர நூலறிஞர், 1911-இல் மறையும்வரை, உலர்ந்த பூக்களை நீரில் ஊறவைத்துப் பிரித்து ஆராய்ந்து பெரிதும் உழைத்தார். எனவே உயிருள்ள செடியைப் பார்த்து எழுதிய படமும் குறிப்பும் பெருமதிப்புடையன. சென்னையில் பணியாற்றிய மருத்துவர் இராபர்ட் வைட், ரங்கையா, கோவிந்து என்னும் நம் நாட்டு ஓவியரைக் கொண்டு தாவரப் படங்கள் வரைவித்தார். அவர்தம் பெருநூல் 1838 முதல் 1853 வரை சென்னையில் ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. பின்னர், கடற்கரையிலுள்ள மாநிலக் கல்லூரியில் தாவரவியற் பேராசிரியராக விளங்கிய பைசன், நீலகிரி, பழனி மலைமுடிகளின் செடிகளைப் பற்றி 1915 முதல் நூல் வெளியிட்டார். அதில் அவர் மனைவி வரைந்த படங்களும் உள்ளன.

ஒரே மலையில் மட்டும் வாழும் இனத்தை அங்கிருந்து பெயர்த்தெடுத்தால், உலகமே அதனை இழத்தல் கூடும். ஆதலின் மலைக்குச் செல்லும் மாணவர் பூவைப் பறியாது, அருகிருந்து கூர்ந்து நோக்கிப் படம் எழுதிக்கொள்ளுதல் வேண்டும். செடியை அறிதற்கும் காத்தற்கும் அதுவே நெறி.