அரை கிராம் ஈயம்

ஏர் பிஸ்டல் வாங்கலாம் என்று கொல்கத்தாவின் ஜாதவ்பூரில் ஒருவர் கிளம்பினால், என்ன கம்பெனி, என்ன விலை என்பதையெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம். முதலில் கேட்க வேண்டியது: சுடப்போவது இலக்கு அட்டையையா, எலியையா? இரண்டையும்தான் என்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மொட்டைமாடியில் குறிபார்த்துப் பழகலாம், ராத்திரி சாக்கடை ஓரம் ஓடுகிற எலியையும் ஒரு கை பார்க்கலாம் என்பது கணக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அட்டை சுடுவதற்கென்றே செய்த பிஸ்டல் எலிக்கு உதவாது. எலிக்கு உதவும் என்று விற்கப்படுவதை வைத்து அட்டையில் ஒழுங்காகச் சுட முடியாது.

அட்டையிலிருந்து ஆரம்பிப்போம். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியின் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு. அதைச் சுற்றி ஒன்பது, எட்டு, ஏழு என்று விரியும் ஒவ்வொரு வளையமும் 8 மில்லிமீட்டர் அகலம். இறுதிச் சுற்றில் புள்ளியைப் பத்தில் ஒரு பங்கு வரை எண்ணுவார்கள், அப்படியென்றால் 0.1 புள்ளி என்பது இலக்கில் 0.8 மில்லிமீட்டர். 2024 ஜூலை 28 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 221.7 புள்ளிகளோடு வெண்கலம் வாங்கினார். தென்கொரியாவின் கிம் யே-ஜி அவரை அந்த இடத்தில் நிறுத்தியது 0.1 புள்ளியில். 22 குண்டுகள் சுட்டு முடித்தபின் இருவருக்கும் இடையே இருந்த வித்தியாசம், எல்லாவற்றையும் கூட்டினாலும், ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.

ஒற்றைக் கையை நீட்டி, ஒரு கிலோ எடையுள்ள பொருளைத் தாங்கிக்கொண்டு இதைச் செய்கிறார்கள். அந்தக் கை ஆடாமலா இருக்கும்? ஆடும். இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் குழலின் முனை அசையும். உலக சாம்பியனுக்கும் அசையும். விஷயம் என்னவென்றால், எல்லா அசைவும் ஒரே அளவு கெடுதல் செய்வதில்லை. துப்பாக்கி முழுவதும் அப்படியே இணையாக 5 மில்லிமீட்டர் நகர்ந்தால், குண்டும் அட்டையில் 5 மில்லிமீட்டர்தான் நகரும். கோட்டைத் தொட்டாலே அந்தப் புள்ளி கிடைத்துவிடும் என்பதால் அது இன்னும் பத்துதான். ஆனால் துப்பாக்கி சாய்ந்தால் கதை வேறு. குறிபார்க்க உதவும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே சுமார் 36 சென்டிமீட்டர். இலக்கு இருப்பது 10 மீட்டர் தள்ளி, ஏறக்குறைய 28 மடங்கு தூரத்தில். முன் சைட் பின் சைட்டின் பள்ளத்தில் 0.3 மில்லிமீட்டர் ஒதுங்கி நின்றால், அட்டையில் அது 8 மில்லிமீட்டருக்கு மேல் ஆகிவிடும், பத்து போய்விட்டது.

அதனால்தான் பயிற்சியாளர்கள் இலக்கைப் பார்க்காதே என்று கத்துகிறார்கள். வெளியாளுக்கு இது கிறுக்குத்தனமாகத் தோன்றும். கண்ணால் ஒரே நேரத்தில் கைத்தூரத்தில் இருப்பதையும் 10 மீட்டரில் இருப்பதையும் தெளிவாகப் பார்க்க முடியாது. ஒன்றை விட்டுக்கொடுத்தாக வேண்டும். விட்டுக்கொடுக்க வேண்டியது இலக்கைத்தான். முன் சைட் கத்தி முனைபோலத் தெளிவாகவும், கறுப்பு வட்டம் புகைபடிந்த மாதிரியும் தெரிந்தால் சரியாகச் சுடுகிறார் என்று பொருள். கெடுப்பது கண்ணைவிட அதிகம் விரல்தான். போட்டி விதிப்படி டிரிகர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். அரை லிட்டர் பால் பாக்கெட்டைத் தொங்கவிட்டாலும் விடுபடக் கூடாது. அவ்வளவு இழுப்பை, முன் சைட் 0.3 மில்லிமீட்டர்கூட ஒதுங்காமல், ஒற்றை விரலால் கொடுப்பதுதான் இந்த விளையாட்டு முழுவதும்.

டிரிகர் விடுபட்ட பிறகும் வேலை முடியவில்லை. குண்டு குழலைவிட்டு வெளியேற ஒரு நொடியின் ஆயிரத்தில் இரண்டு, மூன்று பங்கு ஆகிறது. அதற்குள் துப்பாக்கி குலுங்கினால் அதுவரை பட்ட பாடெல்லாம் வீண். எந்த வகை பிஸ்டல் என்ற கேள்வி உண்மையில் இங்கேதான் வருகிறது.

மெரினா கடற்கரையில் பலூன் சுட்டவர்களுக்கு ஸ்பிரிங் துப்பாக்கியைத் தெரியும். குழலை மடக்கினால் உள்ளே ஒரு தடித்த ஸ்பிரிங் சுருங்கி மாட்டிக்கொள்ளும். டிரிகரை இழுத்ததும் அது விரிந்து ஒரு பிஸ்டனை முன்னே தள்ள, பிஸ்டன் காற்றை அழுத்த, அந்தக் காற்று குண்டைத் தள்ளும். அதாவது நாம் டிரிகரை இழுக்கும்போது அழுத்திய காற்றே அங்கு இல்லை; அதற்குப் பிறகுதான் உருவாகிறது. கனமான பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கிறது, பிஸ்டன் முட்டி நிற்கும்போது முன்னே உதைக்கிறது. குண்டு இன்னும் குழலுக்குள் இருக்கும்போதே இந்தக் கலாட்டா தொடங்கிவிடும். ஜெர்மனியின் ஃபைன்வெர்க்பாவ் 1965-இல் கொண்டுவந்த 65 என்ற மாடலில், சுடும்போது மேற்பகுதி முழுவதும் தண்டவாளத்தில் சறுக்குவதுபோல் பின்னே நகர்ந்து உதைப்பை விழுங்கிவிடும். கைப்பிடிக்கு ஒன்றும் தெரியாது. அதை அழகான பொறியியல் என்றே சொல்லுவேன்.

அடுத்து கார்பன் டை ஆக்சைடு வந்தது. திரவமாக அடைத்துவைத்தால் தானே ஆவியாகி அழுத்தம் கொடுக்கும். சிக்கல், அந்த அழுத்தம் வெப்பநிலையோடு ஏறி இறங்கும்: 20 டிகிரியில் சுமார் 57 பார், 30 டிகிரியில் 72. 31 டிகிரியைத் தாண்டினால் அந்த வாயு திரவமாக இருக்கவே மறுக்கும். கொல்கத்தாவின் ஜனவரிக் காலையில் சைட்டைச் சரிசெய்து வைத்தவர் மே மாத மதியத்தில் அதே துப்பாக்கியை எடுத்தால், குண்டு வேறு இடத்தில் போய் விழும். வங்காளத்து வெயிலுக்கு இந்த வகையை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

இன்று ஒலிம்பிக்கில் காண்பதெல்லாம் முன்கூட்டியே அழுத்திய காற்றுதான். ஆஸ்திரியாவின் ஸ்டெயர், சுவிட்சர்லாந்தின் மொரினி, இத்தாலியின் பர்தினி போன்றவை குழலுக்குக் கீழே ஒரு சிலிண்டரில் 200 பார் வரை காற்றை வைத்திருக்கும். உள்ளே இருக்கும் ஒரு சீராக்கி, முதல் குண்டுக்கும் அறுபதாவது குண்டுக்கும் ஒரே அளவு காற்றை அளந்து விடும். நம் ஊரில் லட்ச ரூபாய்க்குக் குறைந்து கிடைக்காது.

இவ்வளவு கொடுத்து வாங்கினால் வேகம் பிய்த்துக்கொண்டு போகும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். குண்டு நொடிக்கு சுமார் 150 மீட்டர் வேகத்தில்தான் கிளம்புகிறது. மலிவான பல ஏர் ரைஃபிள்களைவிடக் குறைவு. 4.5 மில்லிமீட்டர் குண்டின் எடை அரை கிராம். ஆற்றல் கணக்குப் போட்டால் ஐந்தரை ஜூல் வருகிறது. காகிதத்தில் வட்டமாக ஒரு ஓட்டை போட அதற்கு மேல் எதற்கு? குண்டின் முனை தட்டையாக இருப்பதும் அதற்காகத்தான். காகிதத்தைக் கிழிக்காமல் வெட்டி எடுக்கும். கடைகளில் வேகத்தைப் பெரிய எழுத்தில் போட்டு விற்கிற பிஸ்டல்களைப் பார்த்தால், வாங்குபவர் எதைக் கேட்கிறார் என்பது தெரிகிறதே தவிர, துப்பாக்கியைப் பற்றி எதுவும் தெரிவதில்லை.

இனி எலி. ஜாதவ்பூரிலிருந்து சியால்டா போகிற லோக்கலில் அடுத்த நிறுத்தம் டாகுரியா. அங்குள்ள மேம்பாலத்தின் அடியில் எலிகள் வளை தோண்டி மண்ணைக் குடைவதைப் பற்றிக் கொல்கத்தாப் பத்திரிகைகள் வருடக்கணக்காக எழுதி வந்திருக்கின்றன. நகரத்து எலிகளில் முக்கியமான ஒன்று, நம் பெருச்சாளிக்குத் தம்பி முறையான பண்டிகோட்டா பெங்காலென்சிஸ். அறிவியல் பெயரிலேயே வங்காளம் இருக்கிறது. 1960-களில் ஜுவான் ஸ்பில்லெட் என்ற அமெரிக்கர் கல்கத்தாவின் தானியக் கிடங்குகளில் இருந்து இந்த எலியை ஆராய்ந்து 1968-இல் ஒரு புத்தகமே எழுதினார். இரவில் நடமாடும், வளையில் வாழும், மூன்று வாரத்துக்குச் சற்று மேல் சுமந்து குட்டி போடும். ராத்திரி முழுக்க உட்கார்ந்து நாலு எலியைச் சுட்டாலும், சோறும் வளையும் அப்படியே இருந்தால் அந்த இடத்துக்கு வேறு எலி வந்துவிடும்.

நாலு எலியைச் சுடுவதாவது நடக்குமா? ஐந்தரை ஜூலில் எலி உடனே சாக வேண்டுமென்றால் குண்டு மூளையில் பட வேண்டும். அதுவோ மிகச் சிறிய இலக்கு. அதோடு ஓடிக்கொண்டும் இருக்கும், இருட்டிலும் இருக்கும். தப்பினால் குடல் கிழிந்த எலி வளைக்குள் போய் நாறும். பிரிட்டனில் எலி சுடுகிறவர்கள் பெரும்பாலும் 16 ஜூல் வரையுள்ள ஏர் ரைஃபிளைத்தான் எடுக்கிறார்கள். அங்கே ஏர் பிஸ்டலுக்குச் சட்டம் அனுமதிப்பது அதில் பாதி. ஆனால் அது பண்ணைவீட்டுச் சமாச்சாரம். பிரிவினைக்குப் பின் அகதிகள் குடியேறி வளர்ந்த ஜாதவ்பூர்க் காலனிகளில் வீட்டுக்கு வீடு கைநீட்டும் தூரம்தான். எலியைக் கொல்லத் திணறும் அதே குண்டு சிமென்ட் சுவரில் பட்டுத் தெறித்தால், எதிர்வீட்டுக் குழந்தையின் கண்ணைப் பறித்துவிடும்.

இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 20 ஜூலுக்குள், 4.5 மில்லிமீட்டர் குழலுக்குள் இருக்கும் ஏர் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம். அதனால் இதை எதையும் சுடுவதற்கான அனுமதி என்று எடுத்துக்கொள்கிறார்கள். முன்பு காக்கை, எலி, பழந்தின்னி வௌவால் ஆகியவற்றை வனவிலங்குச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை தொல்லை தரும் உயிர்கள் என்று ஒதுக்கி வைத்திருந்தது. 2022-இல் வந்த திருத்தம் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டது. பால்கனிப் புறாவுக்கும் மாமரத்துக் காக்கைக்கும் குறிபார்ப்பவர் வழக்கை விலைக்கு வாங்குகிறார்.

எலிக்கு உண்மையிலேயே வேலை செய்கிற கருவியைத் தஞ்சாவூர் வயல்காரர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். தஞ்சாவூர்க் கிட்டி என்ற அந்தப் பொறியில் வளைத்த மூங்கிலில் ஆற்றல் சேர்ந்திருக்கிறது, ஸ்பிரிங் பிஸ்டலில் இருப்பது போலவே. ஆனால் குறிபார்க்க வேண்டாம். எலியே வந்து கழுத்தை நீட்டி, இரையை இழுத்து, டிரிகரையும் தானே தட்டிவிடும். நகரத்தில் கிட்டி வைக்க இடமில்லை என்றால் எலிப்பொறி போதும். கூடவே வளையைக் காங்கிரீட்டால் அடைத்து, குப்பையை மூடிவைக்க வேண்டும்.

அப்படியானால் அந்த ஜாதவ்பூர்க்காரருக்கு மிஞ்சுவது அட்டைதான். அதற்கும் உடனே கடைக்கு ஓட வேண்டாம். லண்டன் ஒலிம்பிக்கில் 1.9 புள்ளியில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்த ஜாய்தீப் கர்மாகரின் ஊர் கொல்கத்தா; சௌத் கல்கத்தா, நார்த் கல்கத்தா என்று ரைஃபிள் கிளப்புகளும் உண்டு. முதலில் கிளப் துப்பாக்கியில் சில மாதம் சுட்டுப் பார்க்கலாம். பிறகு வாங்கும்போது குழலைவிடக் கைப்பிடிக்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். போட்டிப் பிஸ்டல்களுக்கு மரக் கைப்பிடி பல அளவுகளில் வருகிறது. வலக்கைக்கு வேறு, இடக்கைக்கு வேறு. கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டி, திறந்து பார்க்கும்போது முன் சைட் தானாகவே பின் சைட்டின் பள்ளத்தில் நடுவாக நின்றால் அந்த அளவு சரி. இல்லையென்றால் அரத்தை எடுத்துக் கொஞ்சம் ராவி, மறுபடி பிடித்துப் பார்க்க வேண்டும்.