புராஸ்டேட் புற்றுநோய்: அறுவை மருத்துவமும் அதன் பின்னான வாழ்வும்

இதயநோய் பற்றியும் நீரிழிவு பற்றியும் தயக்கமின்றிப் பேசும் நம் இல்லங்களில், சிறுநீர்ப் பாதையைச் சார்ந்த நோய்கள் மட்டும் இன்றளவும் மூடிய கதவுக்குள்ளேயே இருக்கின்றன. முதியவர் ஒருவர் இரவில் பலமுறை எழுவதையும், சிறுநீர் கழிக்க நெடுநேரம் காத்திருப்பதையும் வயதின் இயல்பென்றே குடும்பத்தார் கருதிவிடுகின்றனர். நோய் உறுதிப்பட்ட பின்னரோ, இரு அச்சங்கள் அவரைச் சூழ்கின்றன. அறுவைக்குப் பின் சிறுநீர் கசிந்துகொண்டேயிருந்தால் ஒளுவும் தொழுகையும் என்னாகும் என்பது ஒன்று; இல்லற வாழ்வு முடிந்துபோகுமோ என்பது மற்றொன்று. இவ்வச்சங்களை வெளியிட நாணி, தேவையான சிகிச்சையை மறுப்போரும் உளர். தேவைப்படாத அறுவைக்கு விரைந்து உடன்படுவோரும் உளர். இரண்டும் அறியாமையின் விளைவுகளே. எனவே இந்நோய்க்குரிய அறுவை முறைகளையும் அவற்றின் பின்விளைவுகளையும் உள்ளவாறு அறிந்துகொள்ளுதல் நன்று.

சுரப்பியும் நோயும்

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டுமே உரிய சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னால், சிறுநீர் வெளியேறும் குழாயைச் சூழ்ந்து அமைந்துள்ளது. அளவில் ஓர் அக்ரூட் கொட்டையை ஒத்தது. விந்துநீரின் ஒரு பகுதியைச் சுரப்பதே அதன் பணி. வயது ஏற ஏற இச்சுரப்பி பருப்பது இயல்பு. அவ்வீக்கம் வேறு, புற்றுநோய் வேறு. சிறுநீர்த் தடை பெரும்பாலும் முன்னதன் அடையாளமே. புற்றுநோயோ தொடக்கத்தில் எவ்வித அறிகுறியும் காட்டாமலே இருந்துவிடக்கூடும்.

இரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்னும் புரதத்தின் அளவு, விரலால் தொட்டறியும் சோதனை, எம்.ஆர்.ஐ. படம், இறுதியாக ஊசியின் மூலம் எடுக்கப்படும் திசு ஆய்வு என்ற வரிசையில் நோய் உறுதிசெய்யப்படுகிறது. திசுவின் தன்மையை மதிப்பிடும் அளவுகோலை அமெரிக்க நோய்க்குறியியலாளர் டொனால்டு கிளீசன் 1966இல் வகுத்தளித்தார். அவர் பெயரால் வழங்கும் இம்மதிப்பெண் 6 எனில் நோய் மிக மெதுவாக வளரும் இயல்பினது. 8 முதல் 10 வரை எனில் தீவிரமானது. நோய் சுரப்பிக்குள் அடங்கியுள்ளதா, உறையைக் கடந்துவிட்டதா, எலும்புகளுக்குப் பரவியுள்ளதா என்பதும் இதனோடு சேர்த்து எண்ணப்படும்.

கத்திக்கு முன் ஒரு வினா

புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டவுடன் உடனே அறுத்து எறிந்துவிட வேண்டும் என்று மனம் பதைப்பது இயற்கை. ஆயினும் இந்நோயில் முதல் வினா, அறுவை இப்போது தேவையா என்பதேயாகும். பிரிட்டனில் நடைபெற்ற புரோடெக்ட் என்னும் ஆய்வு இதற்குத் தெளிவான விடை தந்தது. நோய் சுரப்பிக்குள் அடங்கியிருந்த 1,643 பேர் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என மூன்று பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். சுமார் 15 ஆண்டுகளுக்குப் பின், 2023இல் வெளியான முடிவின்படி, மூன்று பிரிவுகளிலும் இந்நோயால் இறந்தோர் ஏறத்தாழ 100க்கு 3 பேர் மட்டுமே; பிரிவுகளுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆயின் நோய் பிற உறுப்புகளுக்குப் பரவுதல் கண்காணிப்புப் பிரிவில் 9.4 விழுக்காடாகவும், அறுவைப் பிரிவில் 4.7 விழுக்காடாகவும் இருந்தது. கண்காணிப்பில் இருந்தோருள் பத்தில் அறுவர் காலப்போக்கில் அறுவையையோ கதிர்வீச்சையோ ஏற்க நேர்ந்தது.

இதனால் பெறப்படுவது யாது? மெதுவாக வளரும் நோயுடையவர் குறித்த காலங்களில் பி.எஸ்.ஏ., எம்.ஆர்.ஐ., திசு ஆய்வு ஆகியவற்றைச் செய்துகொண்டு காத்திருக்கலாம். அது நோயைப் புறக்கணிப்பதன்று, விழிப்புடன் காத்திருத்தல். நடுத்தர அல்லது தீவிர நோயுடையவராய், இன்னும் பத்தாண்டுகளேனும் வாழும் உடல்நலமும் உடையவராய் இருப்பின் அறுவையும் கதிர்வீச்சும் பொருள் பெறுகின்றன. மிகத் தீவிரமான நோய்க்கு இவற்றுள் ஒன்று மட்டும் போதாமல், பல சிகிச்சைகளை இணைக்க வேண்டியும் வரலாம்.

அறுவையின் வழிகள்

சுரப்பியை முழுமையாக, விந்துப்பைகளுடன் சேர்த்து அகற்றி, சிறுநீர்ப்பையின் கழுத்தைச் சிறுநீர்க் குழாயுடன் மீண்டும் இணைத்துத் தைப்பதே இந்நோய்க்குரிய முதன்மை அறுவை. நோய் பரவும் வாய்ப்பு மிகுதியெனின் இடுப்புப் பகுதியின் நிணநீர்க் கணுக்களும் உடன் அகற்றப்படும். வீக்கத்திற்காகக் குழாய் வழியே சுரண்டி எடுக்கும் சிகிச்சை இதனின்று வேறுபட்டது. அது சிறுநீர்த் தடையை நீக்குமேயன்றிப் புற்றுநோயைத் தீர்க்காது.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹியூ ஹாம்ப்டன் யங் 1904இல் இவ்வறுவையை விதைப்பைக்கும் குதத்திற்கும் இடைப்பட்ட பகுதியின் வழியே செய்தார். அவ்வழி மருத்துவ உலகிற்குப் புதியதன்று. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், அந்தலுசில் வாழ்ந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, முப்பது பகுதிகள் கொண்ட தம் 'அத்தஸ்ரீஃப்' நூலின் அறுவை மருத்துவப் பகுதியில், சிறுநீர்ப்பைக் கல்லை அப்பகுதியைக் கீறி எடுக்கும் முறையை விளக்கியுள்ளார். கிரெமோனாவின் ஜெரார்டு பன்னிரண்டாம் நூற்றாண்டில் அதனை இலத்தீனில் பெயர்க்க, ஐரோப்பிய அறுவை மருத்துவர் பல நூற்றாண்டுகள் அதனைப் பயின்றனர்.

பின்னர் அடிவயிற்றைக் கீறி, இடுப்பெலும்பின் பின்புறமாகச் சுரப்பியை அணுகும் முறை பரவியது. அதுவே இன்றைய திறந்த அறுவை. 1990களில் சிறு துளைகள் வழியே கருவிகளைச் செலுத்தும் லேப்ராஸ்கோப்பி முறை தோன்றியது. 2000க்குப் பின் ரோபோ துணையுடன் செய்யும் முறை வளர்ந்தது. இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மணி மேனனும் அவர்தம் குழுவினரும் டெட்ராய்ட் நகரின் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையில் இதனைச் செம்மைப்படுத்தியோருள் முதன்மையானோர். ரோபோ தானே அறுவை செய்கிறது என்று எண்ணிவிடலாகாது. அருகே அமர்ந்த மருத்துவரின் கையசைவுகளையே அது நுண்மையாக நிறைவேற்றுகிறது.

ரோபோ முறையில் இரத்த இழப்பு குறைவு. மருத்துவமனையில் தங்கும் நாள்களும் குறைவு. ஆனால் சிறுநீர்க் கட்டுப்பாட்டிலும் ஆண்மையிலும் அது பெருமேன்மை தருமெனக் கூறுவதற்கில்லை. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் இரு முறைகளையும் ஒப்பிட்டு நடத்தப்பட்ட ஆய்வு 2016இல் வெளியானது. அறுவைக்குப் பின் 12 வாரங்களில் இவ்விரண்டிலும் வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே ரோபோ வசதி இல்லாத ஊரில் வாழ்வோரும், அதன் செலவைத் தாங்க இயலாதோரும் மனம் தளர வேண்டியதில்லை. கருவியைவிடக் கையின் தேர்ச்சியே பெரிது. இவ்வறுவையை ஆண்டுதோறும் மிகுதியாகச் செய்யும் மருத்துவரைத் தேர்வதே அறிவுடைமை.

நோய் எலும்புகளுக்குப் பரவிய பின் சுரப்பியை அகற்றுவது வழக்கமான சிகிச்சையன்று. ஆண் இயக்குநீரை ஒடுக்கினால் நோய் தணிகிறது என்பதைச் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941இல் நிறுவி, 1966இல் நோபல் பரிசு பெற்றார். விதைகளை அகற்றும் எளிய அறுவையாலோ, குறித்த கால இடைவெளியில் இடும் ஊசிகளாலோ இதனைச் செய்யலாம். ஊசியின் தொடர்செலவைத் தாங்க இயலாதோர்க்கு அறுவை உதவுகிறது.

நரம்புகளைக் காத்த கண்டுபிடிப்பு

1980களுக்கு முன் இவ்வறுவைக்கு உட்பட்டோர் ஏறத்தாழ அனைவரும் ஆண்மையை இழந்தனர். அதற்குரிய நரம்புகள் எங்கே செல்கின்றன என்பதே தெளிவாக அறியப்படவில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸின் பாட்ரிக் வால்ஷ், 1981இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் பீட்டர் டோங்கர் என்பாருடன் இணைந்து ஆராய்ந்தபோது, அந்நரம்புகள் சுரப்பிக்குள் அல்லாமல் அதன் உறைக்கு வெளியே, இரு பக்கங்களிலும் இரத்தக்குழாய்களுடன் சேர்ந்து ஓடுவதைக் கண்டார். 1982இல் அவற்றைத் திட்டமிட்டுக் காத்து அறுவை செய்தார். இன்று நோய் உறையைக் கடவாத நிலையில் ஒருபக்க நரம்பையோ இருபக்க நரம்புகளையோ காக்க இயலும். நோய் அப்பகுதியைத் தொட்டிருப்பின், நரம்பைக் காப்பதற்காகப் புற்றை விட்டுவைத்தல் முறையாகாது.

தேறும் நாள்கள்

அறுவை முடிந்தவுடன் சிறுநீர்ப்பைக்குள் ஒரு குழாய் பொருத்தப்பட்டிருக்கும். புதிய இணைப்பு ஆறும்வரை, பொதுவாக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் அது இருத்தல் வேண்டும். மறுநாளே எழுந்து நடப்பது கால்களில் இரத்தம் உறைவதைத் தடுக்கும். போதிய நீர் அருந்துதலும் மலச்சிக்கலைத் தவிர்த்தலும் இன்றியமையாதன. ஏறத்தாழ ஆறு வாரங்கள் பளுவான பொருள்களைத் தூக்கலாகாது. காய்ச்சல், கால் வீக்கம், மூச்சுத்திணறல், குழாயில் சிறுநீர் வராமல் நிற்றல் ஆகியன தோன்றின் தாமதமின்றி மருத்துவரை அணுக வேண்டும்.

இந்நாள்களில் ருகூஃ, ஸுஜூது செய்வது வலி தருமாயின் அமர்ந்து சைகையால் தொழுவது போதுமானது. மூல நோயால் வருந்திய நபித்தோழர் இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) தொழுகை குறித்து வினவியபோது, நின்று தொழ இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு நபிகள் நாயகம் (ஸல்) வழிகாட்டியதை ஸஹீஹுல் புகாரி பதிவு செய்துள்ளது. நோன்புக் காலமாயின், நோயாளிக்குரிய சலுகையை ஏற்று நோன்பைப் பின்னர் நிறைவேற்றலாம்.

கசிவும் தூய்மையும்

குழாயை நீக்கிய பின் பெரும்பாலோர்க்குச் சிறுநீர்க் கசிவு இருக்கும். இருமும்போதும் எழும்போதும் அது மிகும். புரோடெக்ட் ஆய்வில் அறுவை பெற்றோருள் ஆறு மாதத்தில் 46 விழுக்காட்டினர் உறிஞ்சு பஞ்சு பயன்படுத்தினர். ஆறு ஆண்டுகளில் அது 17 விழுக்காடாகக் குறைந்தது. இடுப்புத் தளத் தசைகளைச் சுருக்கித் தளர்த்தும் பயிற்சியை அறுவைக்கு முன்னரே கற்று, குழாய் நீங்கிய பின் நாள்தோறும் தொடர்வது கட்டுப்பாடு விரைவில் மீள உதவும். ஓராண்டுக்குப் பின்னும் கசிவு மிகுதியாய் நீடித்தால், தாங்கு பட்டையும் செயற்கைச் சுருக்குத் தசையும் பொருத்தும் அறுவைகள் உள்ளன.

இந்நிலையில் தொழுகையை விட்டுவிடுவோரும், பள்ளிவாசலுக்குச் செல்ல நாணுவோரும் நம்மிடையே உண்டு. சிறுநீர் தொடர்ந்து கசிபவர் குறித்து ஃபிக்ஹு நூல்கள் நெடுங்காலமாகவே விரிவாகப் பேசியுள்ளன. ஷாஃபிஈ மத்ஹபின்படி அவர் தொழுகை நேரம் நுழைந்தபின் கழுவித் தூய்மை செய்து, பஞ்சு வைத்துக் கட்டி, ஒளு செய்து, தாமதியாது தொழ வேண்டும். ஓர் ஒளுவால் ஒரு ஃபர்ளும், விரும்பிய அளவு நஃபிலும் தொழலாம். ஹனஃபீ மத்ஹபின்படி, ஒளு செய்து ஃபர்ளு தொழும் அளவுக்கேனும் இடைவெளியின்றி ஒரு தொழுகையின் முழு நேரமும் கசிவு நீடித்தவரே மஃதூர் எனக் கருதப்படுவார். அவருடைய ஒளு அந்நேரம் முடியும்வரை செல்லும். நின்றால் கசியும், அமர்ந்தால் நிற்கும் என்னும் நிலையில் உள்ளவர் அமர்ந்து தொழுவதையும் நூல்கள் கூறுகின்றன. குழாயும் சிறுநீர்ப் பையும் பொருத்தியிருப்போரும் தொழுகையைக் கைவிட வேண்டியதில்லை. நுட்பமான விளக்கங்களைத் தம் மத்ஹபை அறிந்த ஆலிமிடம் வெட்கமின்றிக் கேட்டறிதல் நலம்.

இல்லறம்

மேற்கண்ட ஆய்வில், உறவுக்குப் போதிய விறைப்புத்தன்மை சிகிச்சைக்கு முன் 67 விழுக்காட்டினர்க்கு இருந்தது. அறுவைக்கு ஆறு மாதத்தின் பின் அது 12 விழுக்காடாகவும், ஆறு ஆண்டுகளில் 17 விழுக்காடாகவும் இருந்தது. கண்காணிப்பில் இருந்தோரிடமும் அது ஆறு ஆண்டுகளில் 30 விழுக்காடாகக் குறைந்திருந்தமையால், வயதின் பங்கையும் மறத்தலாகாது. இளையோர்க்கும், இருபக்க நரம்புகளும் காக்கப்பட்டோர்க்கும் மீட்சி கூடுதல். அதற்கு இரண்டு ஆண்டுகள் வரையும் ஆகலாம். மாத்திரைகள், வெற்றிடக் கருவி, ஊசி எனத் துணைகள் பல உள. இதய நோய்க்கு நைட்ரேட் மருந்து உண்போர் சில்டெனாஃபில் போன்ற மாத்திரைகளைத் தொடவே கூடாது. விந்துப்பைகளும் அகற்றப்படுவதால் அறுவைக்குப் பின் விந்து வெளிப்படாது. இயல்பான முறையில் மகப்பேறும் இயலாது. இவற்றை மனைவியும் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். மருத்துவருடன் பேசும் அமர்வில் அவரையும் உடன் அழைத்துச் செல்வதே முறை. இம்முடிவு ஒருவரது உடலைப் பற்றியதாயினும், இருவரது வாழ்வைப் பற்றியது.

தொடரும் கண்காணிப்பு

சுரப்பி நீங்கிய பின் ஆறு வாரங்கள் அளவில் பி.எஸ்.ஏ. 0.1 என்ற அளவுக்கும் கீழே, ஏறத்தாழ அறியவொண்ணா நிலைக்கு இறங்க வேண்டும். பின்னாளில் அது 0.2ஐ எட்டி, மறுமுறையும் உறுதிப்பட்டால் நோய் மீண்டதெனக் கொள்வர். அந்நிலையிலும் கதிர்வீச்சால் நோயை முற்றும் தீர்க்கும் வாய்ப்பு உண்டு. அது தொடக்கத்திலேயே கண்டறியப்படுவதைப் பொறுத்தது. ஆகவே நலமாயிருக்கிறோம் என்றெண்ணிச் சோதனைகளை நிறுத்திவிடலாகாது.

அறுவைக்கு ஒப்புதல் அளிக்குமுன் மருத்துவரிடம் கேட்க வேண்டிய வினாக்கள் சில உள. என் நோயின் கிளீசன் மதிப்பெண் யாது? நான் காத்திருக்கலாகுமா? கதிர்வீச்சு எனக்கு எவ்வாறு பொருந்தும்? நரம்புகளைக் காக்க இயலுமா? இவ்வறுவையைத் தாங்கள் ஆண்டுக்கு எத்தனை முறை செய்கின்றீர்கள்? தங்கள் நோயாளிகளுள் எத்தனை பேர் ஓராண்டில் கசிவின்றி உள்ளனர்? இவற்றிற்குப் பொறுமையுடன் விடை கூறும் மருத்துவரிடம் உடலை ஒப்படைக்கலாம். திசு ஆய்வு முடிந்த பெரும்பாலோர்க்கு, இவ்வினாக்களைக் கேட்டு, மனைவி மக்களுடன் கலந்து, வேறொரு மருத்துவரின் கருத்தையும் பெற்று முடிவெடுக்கச் சில வார அவகாசத்தை இந்நோய் தருகிறது. அந்த அவகாசத்தை அச்சத்தில் கழிக்காமல் அறிவில் செலவிடுவோம்.