முன்னோடிக் காரும் அதன் நகல்களும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

அரிய பொருள்களைத் தேடிச் சேர்ப்பது மனிதனின் பழைய பழக்கங்களுள் ஒன்று. தபால் தலை சேர்ப்போர் உண்டு; பழைய நாணயம் சேர்ப்போர் உண்டு; தீப்பெட்டிப் படம் சேர்ப்போரும் உண்டு. இவற்றையெல்லாம் ஒரு தகரப் பெட்டிக்குள் அடக்கிவிடலாம். ஆனால் கார்களையே சேகரிப்போர் அமெரிக்காவில் ஏராளமாக உள்ளனர். அவர்கள் விரும்பித் தேடும் வகைகளுள் ஒன்று, 'பேஸ் கார்' எனப்படும் முன்னோடிக் காரின் நகல். ஒரு பொருள் எவ்வாறு அரிதாகிறது, அரிதென்று நம்பி வாங்கிய பொருள் எவ்வாறு மலிந்து போகிறது என்பதை இந்தக் கார்களின் கதை நன்கு விளக்குகிறது. ஆகவே மோட்டார் வண்டிகளில் நாட்டமில்லாத நண்பர்களும் இதைப் படிக்க வேண்டுகிறேன்.

முன்னோடிக் கார் என்பது யாது?

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள இண்டியானாபொலிஸ் நகரில் 1911ஆம் ஆண்டு முதல், உலகப் போர்க் காலங்கள் நீங்கலாக, 500 மைல் கார்ப் பந்தயம் நடந்து வருகிறது. இரண்டரை மைல் சுற்றளவுள்ள திடலை 200 முறை சுற்றி வர வேண்டும். வழக்கமாக 33 கார்கள் கலந்துகொள்கின்றன. இத்தனை கார்களும் நின்ற நிலையிலிருந்து ஒரே நேரத்தில் பாய்ந்தால் என்ன ஆகும்? முன்வரிசையில் ஒரு கார் கிளம்பத் தாமதித்தாலும் பின்னால் வருபவை அதன் மீது மோதும்.

இந்த அபாயத்தைத் தவிர்க்க, திடலை நிறுவியவர்களுள் ஒருவரான கார்ல் ஃபிஷர், 1911ஆம் ஆண்டுப் பந்தயத்தில் தாமே ஒரு ஸ்டாடர்ட்-டேட்டன் காரை ஓட்டிப் போட்டிக் கார்களுக்கு முன்னே சென்றார். முன்னோடிக் கார் மிதமான வேகத்தில் முன்னே செல்லும். மற்றவை வரிசை குலையாமல் பின்தொடரும். எல்லாக் கார்களும் ஒரே வேகத்தில் செல்வதால் அவற்றுக்கிடையே சார்பு வேகம் ஏறத்தாழச் சுழியமாகிவிடும். வகுப்பில் நாம் படித்த அதே சார்பு வேகம்தான் இங்கே உயிரைக் காக்கிறது! வரிசை சீரானதும் முன்னோடிக் கார் ஒதுங்கிக்கொள்ளும், பச்சைக் கொடி அசையும், பந்தயம் தொடங்கும். நடுவில் விபத்து நேர்ந்து மஞ்சள் கொடி காட்டப்பட்டால், மீண்டும் வந்து வேகத்தைக் கட்டுப்படுத்துவதும் இதன் வேலையே.

நகல் என்றால் போலியா?

நகல் என்றதும் போலி என்று எண்ணிவிடலாகாது. பந்தயத்தன்று பல லட்சம் கண்கள் முன்னோடிக் காரைப் பார்க்கின்றன. அதைவிடச் சிறந்த விளம்பரம் கார்க் கம்பெனிக்கு வேறு ஏது? எனவே அதே நிறமும் அதே கோடுகளும் கொண்ட கார்களைத் தம் தொழிற்சாலையிலேயே செய்து பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கினார்கள். இவையே நகல்கள். 1969ஆம் ஆண்டில் செவர்லே கமேரோ முன்னோடிக் காராக ஓடியது. வெள்ளை உடலில் ஆரஞ்சு நிறப் பட்டைகள் தீட்டப்பட்ட அதன் திறந்த கூரை நகல்கள் 3,675 விற்பனைக்கு வந்தன.

கார்வெட் கிளப்பிய ஆரவாரம்

இந்த வரலாற்றில் பெரிதும் பேசப்படுவது 1978ஆம் ஆண்டின் செவர்லே கார்வெட். கார்வெட் வகை பிறந்து அது 25ஆம் ஆண்டு. கார்வெட் ஒன்று முன்னோடிக் காராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் அதுவே முதல் முறை. மேற்பாதி கறுப்பு, கீழ்ப்பாதி வெள்ளி நிறம், இரண்டையும் பிரிக்கும் மெல்லிய சிவப்புக் கோடு, உள்ளே வெள்ளி நிற இருக்கைகள் என்று அதன் தோற்றம் எவரையும் கவர்ந்தது. பந்தயப் பெயர் பொறித்த ஒட்டுப்படங்களைக் காருக்குள் தனியே வைத்துக் கொடுத்தார்கள். ஒட்டுவதும் ஒட்டாததும் வாங்கியவர் விருப்பம்.

1953ஆம் ஆண்டில் முதன்முதலாகச் செய்த கார்வெட்கள் 300. அதன் நினைவாக 300 நகல்கள் மட்டும் செய்வதென்றே முதலில் எண்ணினார்கள். பின்னர் ஆண்டுக்கு நூறு என்று 25 ஆண்டுகளுக்கு 2,500 என்றார்கள். ஆனால் நாடெங்கும் இருந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட செவர்லே விற்பனையாளர்களில் யாரை விடுவது? இறுதியில் ஆளுக்கு ஒன்றாவது கிடைக்கும்படி 6,502 கார்களைச் செய்துவிட்டார்கள். அந்த ஆண்டில் தயாரான 46,776 கார்வெட்களில் இது ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு!

அதன் விலை 13,653 டாலர். சாதாரணக் கார்வெட்டின் தொடக்க விலையோ சுமார் 9,350 டாலர்தான். அப்படியிருந்தும் கூட்டம் மொய்த்தது. மக்கள் அதிக விலை கொடுத்து இக்கார்களை வாங்க முந்துவதைப் பற்றி 1978 மார்ச்சில் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' நாளிதழ் எழுதியது. அதைப் படித்தவர்கள் மேலும் முந்தினார்கள். இருமடங்கு கொடுத்தவர்களும் உண்டு. வேறு சாதாரணக் கார்வெட்களுக்கு நிறம் பூசி நகல் என்று விற்ற எத்தர்களும் கிளம்பினார்கள். நகலுக்கே போலி வந்துவிட்டது! உண்மையைக் கண்டறியும் வழி காரின் அடையாள எண்ணில் இருக்கிறது. அதில் வரும் வரிசை எண் சாதாரணக் கார்களுக்கு 4 என்றும், முன்னோடி நகல்களுக்கு 9 என்றும் தொடங்கும்.

வாங்கியவர்களில் பலர் காரை ஓட்டவே இல்லை. எதிர்காலத்தில் பெருஞ்செல்வம் தரும் என்று நம்பிக் கொட்டகையில் பூட்டி வைத்தார்கள். நடந்தது வேறு. எல்லாரும் பத்திரப்படுத்தியதால் எல்லாம் பத்திரமாக இருந்தன. விற்க வந்தபோது நல்ல நிலையில் உள்ள கார்கள் சந்தையில் தாராளமாகக் கிடைத்தன. 1978ஆம் ஆண்டின் 13,653 டாலர், விலைவாசி உயர்வைக் கணக்கிட்டால் இன்று அறுபதாயிரம் டாலருக்கும் மேல். ஆனால் இந்தக் கார்களில் பெரும்பாலானவை அதற்கும் குறைந்த விலைக்கே கைமாறுகின்றன.

பூட்டி வைத்த காருக்கு வேறு நோய்களும் உண்டு. பெட்ரோல் ஆவியாகிப் பிசினாகிக் கார்பரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ரப்பர் வளையங்கள் காய்ந்து வெடிக்கும். ஓடாத காரும் தேயவே செய்கிறது.

ஐம்பது சேலஞ்சர்கள்

இதற்கு மாறான கதை ஒன்றும் உண்டு. 1971ஆம் ஆண்டில் டெட்ராய்ட் கம்பெனிகள் முன்னோடிக் கார் தர முன்வரவில்லை. இண்டியானாபொலிஸ் வட்டார டாட்ஜ் விற்பனையாளர்களே ஆரஞ்சு நிறச் சேலஞ்சர் கார்களைத் தந்தார்கள். அவர்களுள் ஒருவரான எல்டன் பாமர் பந்தயத்தன்று முன்னோடிக் காரை ஓட்டினார். விண்வெளி வீரர் ஜான் கிளென்னும் அதில் இருந்தார். திடலை விட்டு ஒதுங்கும்போது வேகம் அடங்காமல் கார் புகைப்படக்காரர்கள் நின்ற மேடையில் மோதியது, பலர் காயமடைந்தனர்.

அந்த ஆண்டு செய்த சேலஞ்சர் நகல்கள் 50 மட்டுமே. இவற்றைப் பொக்கிஷமாக எண்ணிப் பூட்டி வைக்கும் ஆரவாரம் அன்று எழவில்லை. விழா முடிந்ததும் சாதாரணக் கார்களைப் போல விற்கப்பட்டன, ஓடின. பனிக்காலத்தில் அங்கே சாலையில் உப்புத் தூவுவார்கள். உப்பும் ஈரமும் சேர்ந்தால் இரும்பு என்னவாகும் என்பது நாம் அறிந்ததே. திறந்த கூரைச் சேலஞ்சரைத் தயாரிப்பதும் அந்த ஆண்டோடு நின்றது. இன்று சேகரிப்போர் இவற்றையே ஏக்கத்தோடு தேடுகிறார்கள்.

நமக்கு என்ன?

பிறர் வாங்குவார்கள் என்பதற்காகவே ஒரு பொருளை வாங்கி வைத்தால், அதன் மதிப்பு முழுவதும் பிறர் கையில் போய்விடுகிறது. கார்வெட்டை ஓட்டி மகிழ்ந்தவருக்கு விலை வீழ்ந்தாலும் நட்டமில்லை. அவர் கொடுத்த பணத்துக்கு அனுபவித்துவிட்டார். பூட்டி வைத்தவருக்கு மிஞ்சியது வாடகைக் கணக்கு.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஊருக்குப் போனால், "இப்போது வீட்டுக்கு வீடு பட்டதாரி, உன் பட்டத்துக்கு என்னப்பா மதிப்பு?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். முன்பெல்லாம் இதற்குப் பதில் தெரியாமல் தலைகுனிந்து நிற்பேன். பட்டம் அரிதாக இருந்த காலம் போய்விட்டது என்பது உண்மையே. அது போனதால்தான் என்னைப் போன்றவனும் இங்கே படிக்க முடிகிறது. அதற்காக நான் வருந்த வேண்டியதில்லை. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப் போகும் காகிதத்தை நம்பினால் கார்வெட்டைப் பூட்டி வைத்தவர் கதிதான் எனக்கும். சோதனைச் சாலையில் அளக்கவும் கணக்கிடவும் நான் கற்றுக்கொள்வது, எத்தனை பேர் கற்றாலும் எனக்குக் குறையாது. அடுத்த முறை ஊரில் கேட்டால் இதைத்தான் சொல்லப் போகிறேன்.