செவிக்கு எட்டாத மணி

திருநெல்வேலி நெல்லையப்பர் திருக்கோயிலின் மணிமண்டபத்தில், ஒரே கல்லிற் செதுக்கிய சிறு தூண்கள் பல ஒரு பெருந்தூணைச் சூழ்ந்து நிற்கின்றன. அவற்றைத் தட்டினால் வெவ்வேறு சுரங்கள் எழும். கல் அதிர, அவ்வதிர்வு காற்றின் வழியே வந்து செவியைத் தாக்குகின்றது; அதனையே ஓசை என்கிறோம். அதிர்வு விரைவாயின் சுரம் உயரும். வினாடிக்கு 20 முறை முதல் 20,000 முறை வரை அதிரும் ஓசைகள் மனிதச் செவிக்குப் புலனாகும் என்பர். ஆயினும் அம்மேல் எல்லை இளையோர்க்கே உரியது.

உட்செவியில் நத்தை ஓடு போலச் சுருண்ட உறுப்பு ஒன்றுண்டு. அதனுள் மயிரிழை போன்ற நுனிகளையுடைய உயிரணுக்கள் வரிசையாக அமைந்துள்ளன. மிக உயர்ந்த சுரங்களை ஏற்பவை அதன் வாயிலருகே இருப்பவை. ஆண்டுகள் செல்லச் செல்ல அவையே முதலில் நலிகின்றன. மனிதர்க்கு அவை அழிந்தபின் மீண்டும் முளைப்பதில்லை.

இவ்வியற்கையைக் கொண்டு வேல்சு நாட்டில் ஆவர்டு சிடேபிள்டன் என்பார் 2005ஆம் ஆண்டில் ஒரு கருவியை வெளியிட்டார். கடை வாயிலிற் கூடித் தொல்லை தரும் இளைஞரை விரட்டுவதே அதன் நோக்கம். வினாடிக்கு 17,000 முறைக்கு மேல் அதிரும் அதன் இரைச்சல் இளைஞர் செவியைக் குடையும்; முதியோர்க்கோ பெரும்பாலும் கேளாது. அதற்குக் 'கொசு' என்று பெயரிட்டனர், பொருத்தமான பெயரே.

பிள்ளைகள் வாளா இருப்பரோ? அவ்வோசையைப் பதிவு செய்து, தம் கைப்பேசிக்கு அழைப்பு மணியாக்கிக் கொண்டனர். வகுப்பு நடக்கும்போதே மணி ஒலிக்கும், மாணவர் நகைப்பர், ஆசிரியர் ஒன்றும் அறியாது பாடத்தைத் தொடர்வார். விரட்ட வந்த கருவி விரட்டப்பட்டார்க்கே படைக்கலம் ஆயிற்று! பின்னர்ச் சிடேபிள்டனும் அத்தகைய மணியைச் செய்து விற்றார். சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கு வழங்கும் இக்நோபெல் பரிசு, 2006இல் இவ்விரண்டுக்குமாக அவருக்குக் கிடைத்தது. இத்தந்திரம் எங்கும் பலித்ததென்று கொள்ளல் ஆகாது. அமெரிக்காவில் முப்பது வயதை எட்டாத ஆசிரியை ஒருவர் மணியோசையைக் கேட்டு, "யாருடைய கைப்பேசி அது?" என்று வினவ, வகுப்பே திகைத்ததாம்.

தாமிரபரணிக் கரையூர்களிலும் கருவிகள் பரவின. 2011 முதல் அரசு மாணவர்க்கு மடிக்கணினி வழங்கியது. 2020இல் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாபநாசம் முதல் திருவைகுண்டம் வரை கைப்பேசியே பல இல்லங்களில் வகுப்பறையாயிற்று. பாடம் கொணர்ந்த பொருளே விளையாட்டையும் கொணர்ந்தது. இதில் வியப்பில்லை. உடைந்த கண்ணாடிச் சில்லால் வெயிலைப் பிடித்துக் கரும்பலகையில் ஆடவிட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அல்லரோ இவர்கள்! குறும்பு பழையது, கருவியே புதிது.

ஆனால் கண்ணாடிச் சில்லுக்கு இல்லாத ஒரு கேடு இதற்கு உண்டு. கேட்பொறியைச் செவியிற் செருகி, ஆசிரியர் காணாவண்ணம் பாட்டுக் கேட்பது இன்று பரவலான குறும்பு. 80 டெசிபல் வலிமையுள்ள ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என உலக நலவாழ்வு நிறுவனம் வரையறுத்துள்ளது. அதுவே 90 டெசிபல் ஆயின் 4 மணி நேரந்தான். பேருந்தின் இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டுபவன் அவ்வளவை இரண்டு மூன்று நாட்களிலேயே கடந்துவிடுவான். வலி தோன்றாமையால் அவன் அதனை அறிவதில்லை. ஆசிரியருக்கு முதுமையால் நேர்ந்தது அவனுக்கு இளமையிலேயே நேரக்கூடும். வகுப்பில் அக்கொசு மணி ஒலிக்கும்போது, அவனும் ஒன்றும் கேளாதவனாய் அமர்ந்திருக்கக்கூடும்.