வண்டி ஓடுமா, ஓடாதா? தீவுத்திடலில் 'திக் திக்' இரவு!

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. செம்மநத்தத்துக்காரர்களுக்கு அது பழகிப்போன பாதை. சென்னையில் நட்டநடு ஊரில், ராத்திரி விளக்கு வெளிச்சத்தில், 3½ கிலோ மீட்டருக்குள் 19 திருப்பம் வைத்துக் கார்களைப் பறக்க விட்டார்கள்! 2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 தேதிகளில் நடந்த 'பார்முலா 4' பந்தயம்தான் அது.

முந்தின டிசம்பரிலேயே நடக்க வேண்டியது. 'மிச்சாங்' புயலில் ஊரே மிதந்தது. பந்தயமும் தள்ளிப் போச்சு.

அந்தக் காலத்தில் கார் பந்தயம் என்றால் சோழவரம். உலகப் போரின்போது போட்ட விமான ஓடுதளம். ஊருக்கு வெளியே பொட்டல் காடு. இது அப்படியா? அண்ணா சாலை, நேப்பியர் பாலம், பக்கத்திலேயே ஓமந்தூரார் ஆஸ்பத்திரி! அவசரத்துக்குப் போகிறவன் கதி?

விவகாரம் ஐகோர்ட்டுக்குப் போனது. சர்வதேச மோட்டார் சம்மேளனம் தடத்தைச் சோதித்து சான்றிதழ் தந்தால்தான் வண்டி நகரலாம் என்று கறாராகச் சொல்லிவிட்டது கோர்ட்டு. சும்மா இல்லை. மண் தரைப் பந்தயத்தில் சறுக்கி ஒதுங்க இடம் இருக்கும். தெருவில் தப்பினால் சுவர்தான்!

31-ந் தேதி பகல் 12 மணி வரை கெடு. அன்றைக்குப் பார்த்து மழை! கெடு இரவு 8 மணி வரை நீண்டது. டிக்கெட் வாங்கியவர்கள் காத்துக் கிடந்தார்கள். சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் என்ஜின் உறுமியது. அன்று வெறும் வெள்ளோட்டம்தான்.

மறுநாள் ஞாயிறு ராத்திரி நிஜப் பந்தயம். இந்தியாவில் தெருவில் நடந்த முதல் இரவுக் கார் பந்தயம் இதுதான்.