பெரிய படிப்புக்கு முன்னால் நிற்கும் சின்னக் காகிதங்கள்

கிண்டிப் பொறியியல் கல்லூரி 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. மெட்ராஸ் மெடிக்கல் காலேஜுக்கு 1835, மாநிலக் கல்லூரிக்கு 1840, சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 1857. இந்தப் பெயர்களைக் கேட்டதும், ஆனைக்குட்டம் பக்கத்தில் திரி கிள்ளியும் வெடி கட்டியும் பிழைக்கிற குடும்பத்துக்கு "அதெல்லாம் நமக்கு எட்டுமா?" என்றுதான் தோன்றும். எட்டும். அதற்கான வழியைச் சட்டமே போட்டு வைத்திருக்கிறது. நல்ல மார்க் எடுத்த பிள்ளைகூடக் கோட்டைவிடுவது, யாரும் எடுத்துச் சொல்லாத சில விதிகளில்தான்.

முதல் விதி, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. மருத்துவப் படிப்புக்கு 2020இலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கு 2021இலும் வந்தது. இதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. ஆனால் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைகளுக்கும் உண்டு. பத்தாவதில் நல்ல மார்க் வாங்கிய பெண்ணை, கடன் வாங்கியாவது தனியார் பள்ளியில் ப்ளஸ் ஒன் சேர்க்கும் பெற்றோர் இதைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும். அந்த ஒரு மாற்றத்தோடு ஒதுக்கீடு போய்விடும். பிறகு எந்த அதிகாரியைப் பார்த்தும் பயனில்லை.

நம் விருதுநகர் மாவட்டத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. இங்கே பேர்போன பழைய பள்ளிகள் பலவும் அரசு உதவி பெறுபவை. ஆசிரியருக்கு அரசு சம்பளம் கொடுப்பதால் அதுவும் கவர்மென்ட் ஸ்கூல்தானே என்று பலர் நினைக்கிறார்கள். 7.5 சதவீதக் கணக்கில் அது சேராது. கூலி ஒன்று, வீடு ஒன்று, தெரு ஒன்று என்று இருக்கிற இரண்டு பிள்ளைகளைப் பள்ளியின் பெயர்ப்பலகை பிரிக்கிறது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆனாலும் இன்றைய சட்டம் அதுதான். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு வேறொன்று இருக்கிறது. பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் கல்லூரி முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இவை உண்டு.

அடுத்தது புரோக்கர்கள். ரிசல்ட் வந்த வாரத்திலேயே ஊருக்குள் வந்துவிடுவார்கள். "சென்னையில பெரிய காலேஜ்ல சீட் இருக்கு, அட்வான்ஸ் மட்டும் போடுங்க" என்பார்கள். கிண்டியிலும் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜிலும் மேனேஜ்மென்ட் கோட்டா என்ற பேச்சே கிடையாது. அங்கே சீட் வாங்கித் தருகிறேன் என்பவர் பொய் சொல்கிறார். தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் சீட் உண்மையிலேயே கிடைக்கலாம்; ஆனால் முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை கவுன்சிலிங் வழியாகச் சேருபவருக்கு மட்டும்தான். புரோக்கரிடம் போனால் அதுவும் போகும், பணமும் போகும். அந்தச் சலுகைக்கான சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கலாம். வீட்டில் இதற்குமுன் யாரும் பட்டம் பெற்றிருக்கக் கூடாது. ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான் கிடைக்கும். நன்கொடை வசூலைத் தடை செய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 1992 முதல் இருக்கிறது. அசல் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொண்டு பணம் கேட்கக் கூடாது என்று யூ.ஜி.சி.யும் 2018இல் அறிவித்திருக்கிறது.

இனி, பட்டாசுத் தொழிலாளர்களே அதிகம் அறியாத ஒன்று. இ.எஸ்.ஐ. கார்டு மருந்து மாத்திரைக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். சென்னை கே.கே. நகர் உட்பட இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரிகளில் காப்பீட்டில் உள்ள தொழிலாளியின் பிள்ளைகளுக்கென்று எம்.பி.பி.எஸ். இடங்கள் தனியாக ஒதுக்கப்பட்டிருக்கின்றன. நீட் எழுதித் தேற வேண்டும். அதோடு, இவர் காப்பீட்டுத் தொழிலாளியின் பிள்ளை என்று இ.எஸ்.ஐ. நிறுவனம் தரும் சான்றிதழ் வேண்டும். அதற்குப் பெற்றோரின் பெயரில் குறிப்பிட்ட காலம் சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும்.

சிக்கல் இங்கேதான். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவரை இ.எஸ்.ஐ.யில் சேர்ப்பது முதலாளியின் கடமை. உள்குத்தகைக்கு விடப்பட்ட அறைகளிலும், பீஸ் ரேட்டில் வீட்டிலும் வேலை செய்பவர்களின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. பத்து வருஷம் மருந்துத் தூசியில் நின்றவர் காகிதத்தில் வேலையே பார்க்காதவராக இருக்கிறார். வெடி விபத்து நடந்தால் இழப்பீட்டுக்கு அலைகிறோமே, அதே இல்லாத பெயர்தான் பிள்ளையின் மருத்துவ இடத்தையும் தின்கிறது. பெயர் சேர்க்க மறுத்தால் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்திலோ தொழிலாளர் துறையிலோ எழுத்தில் புகார் கொடுக்கலாம்.

பட்டாசு விபத்தில் இறந்த தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு உயர்கல்வி வரை செலவை அரசு ஏற்கும் என்று 2024 நவம்பரில் விருதுநகரில் முதலமைச்சர் அறிவித்தார். அதற்கு ஆட்சியரின் பொறுப்பில் 5 கோடி ரூபாய் நிதியமும் அறிவிக்கப்பட்டது. அப்படி ஒரு பிள்ளை உங்கள் தெருவில் இருந்தால் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கச் சொல்லுங்கள்.

ப்ளஸ் டூ லீவில் காலேஜ் செலவுக்காகப் பிள்ளையை ஆலைக்கு அனுப்புவதும் நடக்கிறது. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பிறகு, 18 வயது நிறையாதவரை வெடிபொருள் வேலையில் வைப்பது குற்றம். வேலை கொடுப்பவர்தான் முதல் குற்றவாளி. ஆனால் கை கருகுவது பிள்ளைக்கு.

இடம் கிடைத்துவிட்டாலும் பெயரை மட்டும் நம்பிவிட வேண்டாம். 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை அறியாதவர் யார்? அதன் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15க்குப் பிறகு அனுமதி இல்லை என்று 2022இல் யூ.ஜி.சி. பொது அறிவிப்பு வெளியிட்டது. பணம் கட்டும் முன், பல்கலைக்கழகத்தோடு நிற்காமல், எந்தப் படிப்பு எந்த ஆண்டுக்கு அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்று யூ.ஜி.சி. தளத்தில் பார்க்க வேண்டும். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலும் அங்கேயே இருக்கிறது.

அதே அண்ணாமலையில் 1996இல் மருத்துவ மாணவர் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்டார். அவருடைய தந்தை அப்போது சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். துணைவேந்தர் வீட்டுப் பிள்ளைக்கே அந்தக் கதி என்றால், சிபாரிசு இல்லாத பிள்ளைக்கு என்ன பாதுகாப்பு? அந்தக் கொலைக்குப் பிறகு 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. சீனியர் கேலி செய்தால் பொறுத்துக்கொள் என்று போனில் புத்தி சொல்லாதீர்கள். 1800-180-5522 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் புகார் செய்யலாம்.

பிள்ளை எந்த வகுப்பில் படித்தாலும், அடுத்த முறை கூலி வாங்கும்போது ஃபோர்மேனிடம் உங்கள் இ.எஸ்.ஐ. எண்ணைக் கேளுங்கள். இல்லை என்று சொன்னால் அன்றே புகாரை எழுதுங்கள்.