மருந்துக்கு அஞ்சாத கிருமி பிறப்பது எப்போது?

முன்பு கேட்ட மருந்துக்கு நோய் அடங்காதபோது, "கிருமிக்கு மருந்து பழகிவிட்டது" என்று நம் இல்லங்களில் சொல்வதுண்டு. மருந்தைக் கண்ட பிறகே கிருமி அதனை எதிர்க்கக் கற்றுக்கொள்கிறது என்பது இதன் பொருள். 1940களில் ஆராய்ச்சியாளர் பலரும் இவ்வாறே எண்ணினர். அது பிழையென்று எண்ணிக்கையைக் கொண்டே காட்டினர் இருவர்.

ஒருவர், 1906இல் பெர்லினில் பிறந்த மாக்ஸ் டெல்ப்ரூக். அணுவை ஆராய்ந்த இயற்பியலறிஞரான அவர், 1932இல் நீல்ஸ் போர் ஒளியையும் உயிரையும் பற்றி ஆற்றிய உரையைக் கேட்டபின் உயிரியலின்பால் திரும்பினார். மற்றவர், இத்தாலிய மருத்துவர் சால்வடார் லூரியா. ரோம் நகரில் இயற்பியலும் பயின்றவர். போர்க்காலத்தில் இவ்விருவரும் அமெரிக்காவில் இணைந்தனர்.

பாக்டீரியாக்களை அழிக்கும் ஒருவகை வைரஸ் உண்டு. அது தாக்கினால் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் மடிய, மிகச் சில மட்டும் பிழைக்கும். பிழைக்கும் திறன் அவற்றுக்கு வைரஸ் தீண்டிய பின் வந்ததா, முன்பே இருந்ததா? நுண்ணோக்கியால் இதனைக் காண இயலாது. பலமுறை வெறுங்கையாய் அனுப்பிவிட்டு, எப்போதோ ஒருமுறை காசைக் கொட்டும் சூதாட்ட இயந்திரத்தைக் கண்டபோது, லூரியாவுக்கு ஒரு வழி தோன்றியது.

பாக்டீரியாக்களைத் தனித்தனிக் குழாய்களில் வளர்த்து, பின்னர் வைரஸிடம் விட வேண்டும். திறன் அதன் பிறகே வருமாயின், எல்லாக் குழாய்களிலும் பிழைப்பவை ஏறக்குறையச் சமமாக இருக்கும். முன்பே தற்செயலாய்த் தோன்றியதாயின், தொடக்கத்தில் மாறிய ஒரு செல் இரண்டாய், நான்காய், எட்டாய்ப் பெருகிப் பெருங்கூட்டமாகியிருக்கும். பிந்தி மாறியது ஒன்றிரண்டாய் நிற்கும். மாற்றமே நிகழாத குழாயில் எதுவும் மிஞ்சாது.

1943இல் அவர்கள் வெளியிட்ட முடிவுகளுள் ஒன்று இது: 20 குழாய்களில் 11இல் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை, ஒன்றில் 64, மற்றொன்றில் 107! இந்த ஏற்றத்தாழ்வுக்குரிய கணிதத்தை டெல்ப்ரூக் வகுத்தார். மாற்றம் சில கோடிப் பிரிவுகளுக்கு ஒருமுறை, வைரஸ் வருமுன்னரே, தானாக நிகழ்கிறது என்பது தெளிவாயிற்று. 1969இல் ஆல்ஃபிரட் ஹெர்ஷியுடன் இவ்விருவருக்கும் நோபல் பரிசு கிட்டியது. ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தை எதிர்க்கும் பாக்டீரியாக்களும் இவ்வாறே முன்னதாகத் தோன்றுகின்றன என்பதை 1952இல் லெடர்பெர்க் தம்பதியர் காட்டினர்.

ஆக, மருந்து கிருமிக்கு எதையும் கற்பிப்பதில்லை. எளியவற்றைக் கொன்று, ஏற்கெனவே வலுப்பெற்றதற்கு இடத்தை ஒழித்துக் கொடுக்கிறது. காசநோய்க்குப் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது இதனால்தான். ஒரு மருந்தை எதிர்க்கும் கிருமி பல கோடியில் ஒன்று இருக்கலாம். எல்லா மருந்துகளையும் ஒருங்கே எதிர்ப்பது இருப்பதோ மிக மிக அரிது. இருமல் நின்றதென்று நோயாளி இடையில் நிறுத்தினாலோ, சிலவற்றை மட்டும் விழுங்கினாலோ அந்தக் காப்பு உடைந்துபோகும். எஞ்சிய கிருமி அவரோடு நில்லாமல், அதே வீட்டில் உறங்கும் குழந்தையையும் தொற்றும்.

எனவே, சளிக்கும் சாதாரண ஜலதோஷத்துக்கும் கடையில் கேட்டு நுண்ணுயிர்க்கொல்லி வாங்குவதையும், ஒருவருக்கு எழுதிய மாத்திரையை மற்றவருக்குக் கொடுப்பதையும் இல்லத்தார் தவிர்ப்பாராக. மருத்துவர் குறித்த அளவையும் நாளையும் வழுவாமல் காப்பதே, வலிய கிருமிக்கு இடங்கொடாத வழியாகும்.